பள்ளிக்கூடம் யாருக்காக? மன்னார்க் கரையின் நானூற்றைம்பது ஆண்டுக் கதை

கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டு, “நான் பயோ செய்யப் போறன்” என்கிறாள். வீட்டில் சந்தோசம்தான். ஆனால் அதற்குப் பிறகு எழும் பேச்சு பாடத்தைப் பற்றியதல்ல. ஊர்ப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. ரவுணுக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸில் போய்வருவதா, சொந்தக்காரர் வீட்டில் விடுவதா, விடுதிக்குக் காசு எங்கே, பின்னேர ரியூசன் முடிந்து பொம்பிளைப் பிள்ளை இருட்டுக்கு முன் எப்படி வீடு வந்து சேரும் என்பதே பேச்சு. அப்பாவின் தொழில் கடலில். மீன் பட்டால் காசு, காற்றுப் பிழைத்தால் கடன்.

மன்னார்த் தீவிலும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, விடத்தல்தீவு என நீளும் பெருநிலப்பரப்பின் கரையிலும் இந்தப் பேச்சு நடக்காத ஊர் குறைவு. இங்கே பாடசாலை புதிய சங்கதி அன்று. இலங்கையில் ஐரோப்பியர் முதலில் கால் ஊன்றிப் படிப்பித்த இடங்களில் மன்னாரும் ஒன்று. அப்படியிருக்க, இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு விஞ்ஞான வகுப்பு ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

அதற்கு விடை வரலாற்றில் கிடைக்கிறது. இந்தக் கரையில் பள்ளி வைத்த ஒவ்வோர் ஆட்சியும் தனக்கு எது தேவையோ அதற்காகவே வைத்தது. பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்டுப் பள்ளி அமைக்கும் எண்ணம் நாட்டின் சட்டத்துக்குள் வந்து எண்பது ஆண்டுதான் ஆகிறது. அந்த எண்பதிலும் ஏறத்தாழ முப்பதைப் போர் தின்றுவிட்டது.

மணலும் ஓலையும்

போர்த்துக்கேயர் கோட்டை எழுவதற்கு முன்பும் இங்கே படிப்பு இருந்தது. பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தையும் மாதோட்டத் துறைமுகத்தையும் சுற்றி வாழ்ந்த மக்களுக்கு எழுத்தும் கணக்கும் வாழ்க்கையோடு சேர்ந்தவை. துறைமுகம் இருந்த இடத்தில் கணக்கு எழுதத் தெரிந்தவன் இல்லாமல் இருக்க முடியாது. திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தை இழைத்துப் பழகி, கை திருந்திய பிறகு ஏடும் எழுத்தாணியும் பிடிப்பது தமிழூர்களின் பொது வழக்கம். முஸ்லிம் ஊர்களில் ஓதப்பள்ளியில் லெப்பையிடம் குர்ஆன் ஓதிய பிள்ளைகள் அரபு எழுத்தில் தமிழை எழுதவும் வாசிக்கவும் பழகினர். பின்னாளில் கத்தோலிக்க ஊர்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் ஓர் ஆசிரியராகவே இருந்தார். எழுத்தறியாதவர்கூட அவரிடம் நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனப்பாடம் செய்தார்.

இந்தப் படிப்புக்குக் கட்டடமும் இல்லை, மணியும் இல்லை. எல்லாருக்கும் அது கிடைக்கவும் இல்லை. சாதி பார்த்தது, பெண்பிள்ளையைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. பழையது என்பதற்காக அதைப் போற்றிவிட முடியாது. ஆனாலும் அது ஊரின் படிப்பு. ஊருக்கு வேண்டியதை ஊரே தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஞானோபதேசமும் பதிவேடும்

1544 இல் மன்னாரில் கத்தோலிக்கத்துக்கு மாறியவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். 1560 இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அன்றிக்கே அன்றிக்கசு அந்த ஆண்டுகளில் மன்னாரிலும் இருந்தார். தமிழைக் கற்று இலக்கணம் எழுதியவர் அவர். 1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய கைவேலைதான். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலைத் தந்தவர் நடந்த மண் இது என்பதில் மன்னார் பெருமைப்படலாம். அந்தக் காலத்துக் கோயில் பள்ளியில் பிள்ளை படித்தது செபமும் ஞானோபதேசமும். அதற்கு மேல் எழுத்து வந்தால் அது உபரி.

1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். பள்ளியை முதன்முதலில் ஓர் அரச இயந்திரமாக மாற்றியவர்கள் அவர்களே. கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளி, பள்ளிக்கு ஓர் உபாத்தியார், அவர் கையில் ஒரு பதிவேடு. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் அந்தத் தோம்பில் ஏறின. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். ஞானோபதேசம் ஒப்புவிக்கத் தெரியாதவருக்குத் திருமணப் பதிவு எளிதில் கிடைக்காது. திருமணம் பதிவில் ஏறாவிட்டால் சொத்துரிமைக்குச் சிக்கல். யாழ்ப்பாணம், மன்னார்க் கோயில்களையும் பள்ளிகளையும் பற்றி ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயு 1672 இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார்.

சைவரும் முஸ்லிம்களும் மட்டுமல்ல, கத்தோலிக்கர்களும் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தரின் ஆட்சியில் ஒடுக்கப்பட்டவர்களே. கோவாவிலிருந்து 1687 இல் வந்த யோசேப் வாஸ் அடிகளார் மறைந்து மறைந்து ஊர் ஊராகப் போய்ப் பணி செய்ய வேண்டியிருந்தது. ஆகவே பகலில் பள்ளியில் பிள்ளை ஒன்றை ஒப்புவித்தது, இரவில் வீட்டில் வேறொன்றைச் செபித்தது. கட்டாயம் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவரும். படித்ததைத் தனது என்று நினைக்கவைக்க அதனால் முடியாது. ஒல்லாந்தர் போனதும் அவர்களின் திருச்சபை இந்தக் கரையில் கரைந்துபோனதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அரிப்பு மாளிகையும் வெட்டப்பட்ட பணமும்

சிலாவத்துறைப் பக்கம் போகிறவர்கள் அரிப்பில் ஒரு பாழ் மாளிகையைப் பார்த்திருப்பார்கள். தடித்த செங்கல் சுவர்கள், சாந்து உதிர்ந்த தூண்கள். கடல் அரித்து அரித்து ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. பிரித்தானியரின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காக 1801 முதல் 1804 வரை கட்டிய வீடு அது. அந்தக் கடலின் முத்து அப்போது அரசாங்கத்துக்குப் பெரும் வருமானம்.

அதே நோர்த் கல்வியில் அக்கறை உள்ளவர். ஒல்லாந்தரின் பங்குப் பள்ளிகளை மீண்டும் திறந்தார். 1799 இல் வந்த ஜேம்ஸ் கோர்டினர் பாதிரியாரைப் பாடசாலைகளுக்குப் பொறுப்பாக வைத்தார். ஆனால் கண்டிப் போர்ச் செலவு ஏறிய 1803 ஆம் ஆண்டில், சிக்கனம் என்ற பெயரில் அந்தப் பள்ளிகளுக்கான பணம் வெட்டப்பட்டது. மாளிகையின் கட்டட வேலை அடுத்த ஆண்டு வரை நடந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மன்னார்க் கடலுக்குள் மூச்சைப் பிடித்து இறங்கியவர்கள் எடுத்துவந்த செல்வம் கருவூலத்தை நிரப்பியது. பணம் முடைப்பட்டபோது முதலில் கைவைக்கப்பட்டது பிள்ளைகளின் பள்ளியில். இருநூறு ஆண்டு கழித்து, 2022 இன் நெருக்கடியில், கடதாசி இல்லாமல் பரீட்சைகளை ஒத்திவைத்த நாட்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

பரிசோதகர் வரும் நாள்

அரசாங்கம் கையை விரித்த இடத்தில் மிஷனரிகள் வந்தனர். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் 1816 இல் வந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை என்று அங்கே கல்வி பெருகியது. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். போட்டி போட்டுப் பள்ளி எழுந்த அந்தக் குடாநாட்டோடு ஒப்பிட்டால் மன்னார் பின்தங்கியே நின்றது. மக்கள் தொகை குறைவு, மழை குறைவு, காய்ச்சல் மிகுதி. பள்ளி வைக்க வந்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கத் துறவியரே. இலங்கைக்கு 1847 இல் வந்த அமலமரித் தியாகிகள் சபையினரும், 1862 இல் வந்த திருக்குடும்பக் கன்னியரும் வடக்கின் கத்தோலிக்கக் கல்விக்கு அடித்தளம் இட்டனர். யாழ்ப்பாண ஆயராயிருந்த பொஞ்சீன் ஆண்டகை, சமயப் பாடசாலைகளுக்கு அரசு உதவி வேண்டும் என்று எழுதியும் வாதாடியும் நின்றார்.

1869 இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவாகி, உதவி நன்கொடை முறை வந்தது. அத்தோடு இங்கிலாந்தில் 1862 முதல் நடந்த ஒரு வழக்கமும் கப்பலேறியது: பெறுபேற்றுக்கு ஏற்ற பணம். பரிசோதகர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை. அதனால் அந்த ஒரு நாள்தான் ஆசிரியரின் ஆண்டு முழுவதையும் தீர்மானித்தது. கடலுக்கோ வயலுக்கோ பிள்ளை போயிருந்தால் பள்ளிக்கு நட்டம். பாடப் புத்தகத்தின் வரிகளை, பொருள் விளங்காவிட்டாலும் ஒப்புவிக்கப் பழக்கினார்கள். இன்றைக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்விக்கும் நாம் அந்தப் பரிசோதகரை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இன்னொரு பிரிவினையும் அப்போதே ஆழமாக விழுந்தது. தாய்மொழிப் பாடசாலை ஏழைக்கு, ஆங்கிலப் பாடசாலை காசுள்ளவனுக்கு. ஆங்கிலம் படித்தவனுக்குக் கச்சேரியில் கிளாக்கர் உத்தியோகம், ரயில்வேயில் வேலை. தமிழில் மட்டும் படித்தவனுக்கு மிஞ்சிப்போனால் வாத்தியார் வேலை. 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தது. இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. தீவின் குறுக்கே உத்தியோகத்தரும் வியாபாரியும் மலைத்தோட்டத் தொழிலாளியும் போய்வந்தார்கள். கரையோரப் பிள்ளை ரயிலைத் தினமும் பார்த்தது. ஏறிப் போகும் படிப்பு அதற்குக் கிடைக்கவில்லை.

சட்டம் திறந்த படலை

1943 இல் வெளியான கன்னங்கரா அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1945 ஒக்டோபர் 1 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. தாய்மொழியில் படிப்பு. கிராமத்துப் பிள்ளைக்கென மத்திய கல்லூரிகள். எந்தச் சபைக்கும் எந்த அரசுக்கும் கடன்படாமல், பிறந்த உரிமையால் ஒரு மன்னார்ப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தது அப்போதுதான். மன்னார் நகரின் புனித சவேரியார் பாடசாலைகளும் சித்திவிநாயகரும், எருக்கலம்பிட்டி மத்திய மகா வித்தியாலயமும், பேசாலை பற்றிமாவும், வங்காலை புனித அன்னாளும், முருங்கன் மகா வித்தியாலயமும் எத்தனையோ மீனவர், கமக்காரர் வீடுகளில் முதல் பட்டதாரியை உருவாக்கியது இந்தக் கொடையால்தான்.

கட்டணம் அறவிடாத உதவி பெறும் பாடசாலைகளை 1960, 61 சட்டங்களின்படி அரசு பொறுப்பேற்றது. பல ஊர்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக் கட்டடத்துக்குள் குடியிருந்து எதிர்த்தார்கள். தங்கள் காசிலும் உழைப்பிலும் கட்டியது என்ற வலி அது. மறுபக்கம், பள்ளி பொதுச்சொத்து ஆனதால் எந்தச் சமயப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. இன்று அரசப் பாடசாலைகளுக்குப் புனிதர்களின் பெயர் இருக்கிறதே, அந்தப் பெயர்ப்பலகையில் இரண்டு தரப்பின் உழைப்பும் இருக்கிறது.

திறந்த படலை எல்லாத் திசைக்கும் திறக்கவில்லை. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு, தமிழில் படித்துத் தேறியவருக்கு அரச வேலையின் வாசல் சிங்களத்தில் நின்றது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் தமிழ் இளைஞர்களின் நெஞ்சில் ஆறாத காயம் ஆயிற்று. ஆனால் 1974 இல் அதோடு சேர்ந்த மாவட்ட ஒதுக்கீட்டை மன்னாரில் நின்று பார்த்தால் இன்னொரு பக்கமும் தெரியும். ஆய்வுகூடம் இல்லாத கரையோரப் பாடசாலைப் பிள்ளை யாழ்ப்பாணத்தின் பெரிய கல்லூரிகளோடு சமமாக ஓட முடியாது என்பதும் உண்மை. இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மன்னார் இருக்கிறது. இரண்டு உண்மையையும் ஒன்றாகப் பிடிக்கத் தெரிந்தால்தான் கல்வி நீதியைப் பற்றி நாம் நேர்மையாகப் பேச முடியும்.

பாடசாலை அகதியான காலம்

பிறகு போர். 1990 இல் ரயில் நின்றது. தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைத்த பாலம் தகர்ந்தது. மடுவும் பேசாலையும் இடம்பெயர்ந்தோர் முகாம்களாயின. பிள்ளைகள் மரநிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் படித்தார்கள். கடலைத் தாண்டியவர்கள் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை நிறுத்திவைத்துச் சோதித்த இடம் அது. அங்கிருந்து தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் சேர்ந்து படித்து முன்னேறிய பிள்ளைகள் ஏராளம். அந்தக் கதவைத் திறந்த அக்கரைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். தீவின் முஸ்லிம்கள் கைப்பையோடு வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். தவணை நடுவில் வகுப்புகள் அப்படியே வெறுமையாயின. அந்தச் சமூகம் புத்தளத்து முகாம்களில் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தது. போர் முடிந்து ஊர் திரும்பும் நிலை வந்தபோது, பல குடும்பங்களை அங்கேயே நிறுத்தியதும் பிள்ளையின் படிப்புத்தான். மன்னாரில் இந்த அநீதியைத் தமிழர் பேசாமல் கடந்துவிடக் கூடாது. ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள் அவர்கள்.

2008 ஜனவரி 29 இல், மடுவுக்கு அருகே தட்சணாமடுவில் பஸ் ஒன்று கிளைமோர்க் குண்டில் சிக்கியது. பாடசாலைப் பிள்ளைகள் பலர் அதில் உயிரிழந்தார்கள். படிக்கப் போய்வருவதே உயிராபத்தான ஒரு காலத்தைக் கடந்து வந்த மாவட்டம் இது. இன்றைக்கு இங்கே பெற்றோராக இருப்பவர்களில் பலர் இடையில் படிப்பை விட்ட அந்தத் தலைமுறையினர். பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று குறைசொல்லும் முன் இதை ஒருகணம் நினைக்க வேண்டும்.

பாலம் வந்தது, ஆசிரியர் வரவேண்டும்

2010 இல் தீவுக்குப் புதிய பாலம், 2011 இல் யாழ்ப்பாணப் பாதையில் சங்குப்பிட்டிப் பாலம், 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறை வரை மீண்டும் ரயில். கட்டடங்களும் கணிசமாக எழுந்துள்ளன. பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம். 2021 முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவையெல்லாம் சிறிய முன்னேற்றம் அல்ல.

இருந்தும் தூரம் இன்னும் பிள்ளையின் தலையில்தான். 2021 மார்ச் 16 இல் தலைமன்னார் ரயில் கடவையில், மாணவர்கள் போன தனியார் பஸ்ஸில் ரயில் மோதி ஒரு மாணவ உயிர் பிரிந்தது. பலர் காயப்பட்டனர். கடவையில் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய இழப்பு. அதற்கு முந்திய ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, பாடம் கைபேசிக்குள் போனது. ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வகுப்பு? 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. குடும்பங்கள் பிள்ளைகளோடு மீண்டும் தனுஷ்கோடிப் பக்கம் கடலேறின.

பாடசாலைகளின் வகைப்பாட்டைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். விஞ்ஞானம், கலை, வணிகம் எல்லாம் உள்ளது 1ஏபி. விஞ்ஞானம் இல்லாதது 1சி. பதினோராம் தரத்தோடு நிற்பது வகை 2. சிறு வகுப்புகளோடு முடிவது வகை 3. கரையோர ஊர்களில் பெரும்பாலும் இருப்பவை பின்னைய வகைகள். மன்னார் வலயத்திலும் மடு வலயத்திலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க வரும் இளம் ஆசிரியர் பலர் வெளி மாவட்டத்தார். கஷ்டப் பிரதேச சேவைக்காலத்தை முடித்ததும் இடமாற்றம் எடுத்துப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தங்க வீடு, போக பஸ், தன் பிள்ளைக்கு நல்ல பள்ளி இருந்தால் யாரும் நிற்பார்கள்.

பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமேசுவரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகன் ஊர்ப் பள்ளியை முடித்து, உயர்நிலைப் படிப்புக்கு இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்குப் போனார். அப்துல் கலாமை உலகம் அறியும். இக்கரையிலும் அதே கடல், அதே தொழில், அதே மூளை. ஒரு கலாமுக்குப் பக்கத்தில் ஊரைவிட்டுப் போக வசதி இல்லாமல் நின்றுவிட்ட நூறு பேர் எப்போதும் இருப்பார்கள். கல்விக் கொள்கை அந்த நூறு பேரைக் கணக்கில் எடுத்தே எழுதப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை மந்திரம் அல்ல. முசலி, நானாட்டான், மாந்தை மேற்கு, தீவின் மேற்குக் கரை என ஒவ்வொரு பகுதியிலும் ஆய்வுகூடத்தோடும் ஆசிரியரோடும் ஓர் உயர்தர விஞ்ஞானப் பாடசாலை. அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி. ஆசிரியர்களுக்குக் குடியிருப்பு, ஐந்து ஆண்டாவது தங்கினால் தனிக் கொடுப்பனவு. மாவட்டத்திலேயே பிறந்த பட்டதாரிகளை அதே மாவட்டத்தில் நியமிக்க முன்னுரிமை. பாடசாலை நேரத்துக்கு ஓடும் அரச பஸ், கடவைக்குக் கதவு. வடமாகாணக் கல்வித் திணைக்களமும் மத்திய அமைச்சும் இதை ஒரு திட்டமாக, ஆண்டு குறித்து, பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டும். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் நுழைவாயில் வளைவுக்கு அனுப்பும் பணத்தை ஒரு பௌதிக ஆசிரியரின் தங்குமிடத்துக்கு அனுப்பினால், பத்து ஆண்டில் பலன் கண்முன் தெரியும்.

போர்த்துக்கேயர் விசுவாசியைத் தேடினர். ஒல்லாந்தர் பதிவில் ஏறிய குடியைத் தேடினர். ஆங்கிலேயர் கிளாக்கரைத் தேடினர். 1945 இன் சட்டம் மட்டுமே பிள்ளையை அதன் தேவைக்காகப் படிக்க அழைத்தது. அந்த அழைப்பை மதித்து அரிப்பிலும் தலைமன்னாரிலும் விடத்தல்தீவிலும் பிள்ளைகள் இன்றும் காலையில் சீருடை போடுகிறார்கள். அவர்கள் கேட்கும் விஞ்ஞான வகுப்பு சலுகை அல்ல. எண்பது ஆண்டாக நாடு அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி. அதை இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போகும் முன் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.